ஒப்பீடு என்னும் மறதி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர்விமானங்களுக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்தது. 1963 இல் அதே சண்டிகரில் தொடங்கிய ஒரு நெடும்பயணம் 62 ஆண்டுகளுக்குப் பின் முடிவுக்கு வந்தது. அந்த விடைபெறலை ஒட்டி ஒரு பழைய விளையாட்டும் புத்துயிர் பெற்றது. மிக்-21 சிறந்ததா, அதற்கு முன் வந்த நாட் சிறந்ததா, அதன் இடத்தை நிரப்ப வந்த தேஜஸ் சிறந்ததா? இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயரை இன்றைய எலெக்ட்ரானிக்ஸோடு கட்டியெழுப்பினால் என்ன ஆகும்? கொரியப் போரின் சேபரும் வியட்நாம் போரின் ஃபாண்டமும் நேருக்கு நேர் நின்றால் யார் விழுவார்? இப்படிப்பட்ட வினாக்களை எழுப்பி, உச்ச வேகம், உச்ச உயரம், உந்துவிசை, குண்டு சுமக்கும் திறன் என்று கட்டம் கட்டமாக எண்களை நிரப்பி, இறுதியில் ஒரு விமானத்தின் தலையில் கிரீடம் சூட்டுவது இராணுவ விமான ஆர்வலர்களின் நெடுநாள் வழக்கம்.

சிறுவர்களாக இருந்தபோது நம்மில் பலர் ஆடிய ட்ரம்ப் கார்டு விளையாட்டின் நீட்சியே இது என்று சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். அப்படிக் கடந்து போக முடியாது என்பதே எங்கள் தரப்பு. காரணம் எளிமையானது. ட்ரம்ப் கார்டில் தோற்ற அட்டை எதிராளியின் கைக்குப் போகும், அவ்வளவுதான். இங்கோ தோற்ற விமானத்துக்குள் ஒரு மனிதன் இருந்திருக்கிறான். வென்ற விமானத்துக்குக் கீழே சில ஊர்கள் இருந்திருக்கின்றன. எண்களின் கட்டத்துக்குள் இவ்விருவருக்கும் இடமில்லை. அதைவிட முக்கியம், அந்த விமானங்களை எப்போது வாங்குவது, யாரைக் கொண்டு ஓட்டுவது, எவ்வளவு பயிற்சி தருவது என்று தீர்மானித்தவர்களுக்கும் அதில் இடமில்லை. இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தவர்கள் நீதிமன்றத்தின் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுகிறார்கள். ஒப்பீடு இங்கே அறிவாகத் தோற்றம் கொண்டு மறதியாகச் செயல்படுகிறது.

*

முதலில் ஒப்பீட்டின் தர்க்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு போர்விமானம் என்பது தன்னளவில் முழுமையான பொருள் அல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட நாடு எதிர்கொண்ட கேள்விக்கான விடை. வெகு உயரத்தில் பறந்து வரும் அணுகுண்டு விமானத்தை எல்லைக்குள் நுழையுமுன் விரைந்து மேலேறி மறிப்பது எப்படி என்பது 1950களில் சோவியத் ஒன்றியத்தின் கேள்வி. அதற்கு எழுதப்பட்ட விடை மிக்-21. போர்விமானங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பருத்து, விலையேறிக்கொண்டே போகின்றனவே, சிறியதும் மலிவானதுமான ஒன்றைச் செய்ய முடியாதா என்பது ஆங்கிலேய வடிவமைப்பாளர் பெட்டர் எழுப்பிக்கொண்ட கேள்வி. அதற்கான விடை நாட். மிக்-21களின் இடத்தை நிரப்பவும் வேண்டும், சொந்தமாக விமானம் வடிவமைக்கும் திறனை ஒரு நாட்டில் மீண்டும் உருவாக்கவும் வேண்டும் என்ற இரட்டைக் கேள்விக்கான விடை தேஜஸ். விடைகளை மட்டும் கத்தரித்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, எந்த விடை சிறந்தது என்று கேட்பவர் வினாத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு விடைத்தாளைத் திருத்துகிறார்.

இலக்கிய வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கம்பன் பெரியவனா, பாரதி பெரியவனா என்ற பட்டிமன்றங்களைக் கேட்டுச் சலித்தவர்கள் நாம். விருத்தத்தின் உச்சத்தில் நின்ற ஒருவனையும், வசனகவிதையின் வாசலைத் திறந்த ஒருவனையும் ஒரே தராசில் நிறுத்தினால் தராசைப் பற்றித்தான் ஏதேனும் தெரியவரும், கவிஞர்களைப் பற்றித் தெரியவராது. ஆனால் பட்டிமன்றத்தில் யாரும் சாவதில்லை என்பதால் அதை நாம் மன்னித்துவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பிடப்படும் பொருள் ஒன்றுதானா என்பதே ஐயத்துக்குரியது. ‘ஸ்பிட்ஃபயர்’ என்று ஒற்றைச் சொல்லில் குறிக்கிறார்கள். 1936 மார்ச்சில் முதன்முதலில் பறந்த விமானத்தில் இருந்தது சுமார் ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட மெர்லின் எஞ்சின். அதே பெயரில் கடைசியாக வெளிவந்த வகையில் இருந்தது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட கிரிஃபன் எஞ்சின். அதை முதலில் வடிவமைத்த மிட்செல் 1937 இலேயே இறந்துவிட்டார். அவர் பார்த்தேயிராத விமானங்கள் அவர் பெயரால் போற்றப்படுகின்றன.

1940 கோடையில் பிரிட்டன் வானில் நடந்த போரில் மெர்லின் எஞ்சினுக்கு ஒரு குறை இருந்தது. மூக்கைக் கீழே குத்தி விமானத்தைச் சட்டென்று பாயவிட்டால் கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் குலைந்து எஞ்சின் ஒரு கணம் திணறும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் அந்தத் திணறல் இல்லை. துரத்தப்படும் ஜெர்மானிய விமானி மூக்கைக் குத்திப் பாய்ந்து தப்பித்துவிடுவான். ஃபார்ன்பரோவில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் துளையிட்ட சின்னஞ்சிறு உலோக வட்டு ஒன்றை இதற்காக உருவாக்கினார். 1941 இன் தொடக்கத்தில் அது விமானத்தளங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டது. எந்த ஒப்பீட்டுக் கட்டத்தில் அந்த வட்டுக்கு இடம் இருக்கிறது? ஒரு பெண் தன் துறையில் பொறியாளராக மதிக்கப்படுவதே அரிதாக இருந்த காலத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரியும் பொறியாளருமான ஒருவரின் கைவேலை அது. போர்விமானத்தின் வரலாறு இப்படிப்பட்ட கைகளின் வரலாறு. கட்டத்தில் இருப்பதோ எஞ்சினின் பெயர் மட்டும்.

அந்தக் கோடையில் ஸ்பிட்ஃபயரைவிட அதிகமான எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேன் என்பதும் கவனிக்கத் தக்கது. பின்னுடலில் துணி போர்த்தியிருந்த, வேகம் குறைந்த, ஆனால் அடிபட்டால் விரைவில் செப்பனிட்டுத் திருப்பி அனுப்பக்கூடிய விமானம் அது. கடற்கரை நெடுகிலும் நின்ற ராடார் கோபுரங்களும், அவை கண்டதை வரைபட மேசைகளில் நகர்த்திக் காட்டிய பெண்களும் இல்லையென்றால் இரண்டு விமானங்களுமே வெறும் வானத்தில் எதிரியைத் தேடி எரிபொருளைத் தீர்த்திருக்கும். ‘எந்த விமானம் வென்றது’ என்ற கேள்விக்கு நேர்மையான விடை, விமானம் தனியாக வெல்லவில்லை என்பதுதான்.

*

காலத்தால் பிந்தியது முந்தியதை வெல்லும் என்ற நம்பிக்கை இத்தகைய ஒப்பீடுகளின் அடித்தளம். வரலாறு அந்த நம்பிக்கையைப் பலமுறை கேலி செய்திருக்கிறது.

1941 மே 26 அன்று, சேவைக்கு வந்து ஓராண்டு கூட நிறைவுறாத ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கியது ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற விமானம் வீசிய நீர்மூழ்கிக் குண்டு. ஸ்வோர்ட்ஃபிஷ் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், திறந்த இருக்கைகள், அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர். எண்களின் கட்டத்தில் அது அருங்காட்சியகப் பொருள். அட்லாண்டிக்கின் அலைகளுக்கிடையில் அது ஒரு பெரும் கப்பலின் விதியை எழுதியது. மறுநாள் காலை பிஸ்மார்க் மூழ்கியது.

நமக்கு அருகிலேயே இதைவிடக் கூர்மையான சான்று இருக்கிறது. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டேர் விமானங்களில் ஒன்றை ஓட்டிச் சென்றவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா. மிஸ்டேர், மட்டமாகப் பறக்கையில் ஒலியின் வேகத்தை எட்டாத ஃபிரெஞ்சு விமானம். அவரை எதிர்கொண்டது ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் கொண்ட அமெரிக்க ஸ்டார்ஃபைட்டர். கட்டத்தில் நிரப்பிப் பார்த்தால் இது சண்டையே அல்ல. ஆனால் தாழ்ந்த உயரத்தில், வளைந்து திரும்புகிற மோதலில், ஸ்டார்ஃபைட்டரின் கத்திபோன்ற குட்டை இறக்கைகள் அதற்கு உதவவில்லை. தேவய்யாவின் குண்டுகள் பட்டு அது வீழ்ந்தது. அதன் விமானி வெளியே குதித்து உயிர் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை.

இந்த நிகழ்வின் அடுத்த பகுதியைத்தான் ஒப்பீட்டு ஆர்வலர்கள் படிக்க வேண்டும். அவருடைய படைப்பிரிவுக்கே அவர் என்ன செய்தார் என்பது தெரியாது. காணாமல் போனவர் என்றே கணக்கு முடிக்கப்பட்டது. பாகிஸ்தான் தரப்பின் உதவியோடு ஓர் ஆங்கிலேய எழுத்தாளர் 1979 இல் வெளியிட்ட நூல் வழியாகவே அந்த மோதல் பற்றிய செய்தி இந்தியாவை எட்டியது. 1988 இல், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. மிஸ்டேரின் உச்ச வேகம் அந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் எல்லாக் கையேடுகளிலும் இருந்தது. அதை ஓட்டியவனின் செயல்தான் எங்கும் இல்லை. எண்களைச் சேமிப்பதில் நாம் காட்டும் அக்கறைக்கும் மனிதர்களைச் சேமிப்பதில் காட்டும் அலட்சியத்துக்கும் இதைவிடத் தெளிவான உரைகல் வேண்டுமா?

*

இனி எங்கள் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். ஒரே விமானம், வேறு வேறு கைகளில், வேறு வேறு விளைவுகளைத் தந்திருக்கிறது. இந்த ஓர் உண்மையை ஒப்புக்கொண்டால் விமானங்களின் தரவரிசை முழுவதும் சரிந்துவிடும்.

மேலே சொன்ன ஸ்டார்ஃபைட்டரையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஜெர்மனி 916 ஸ்டார்ஃபைட்டர்களை வாங்கியது. அவற்றில் 292 விபத்துகளில் அழிந்தன. 116 விமானிகள் இறந்தனர். ‘விதவையாக்கி’ என்று அந்நாட்டு மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அதே காலத்தில் ஸ்பெயின் நாடும் 21 ஸ்டார்ஃபைட்டர்களை வைத்திருந்தது; ஒன்றைக்கூட விபத்தில் இழக்கவில்லை. விமானம் கொலைகாரன் என்றால் அது ஸ்பெயினில் ஏன் துறவு பூண்டது? ஸ்பெயின் அதை அது பிறந்த நோக்கத்துக்கே, தெளிந்த வானில் உயரத்தில் பறந்து மறிக்கும் வேலைக்கே, அனுபவம் மிக்கவர்களைக் கொண்டு பயன்படுத்தியது. ஜெர்மனியோ அதன் மீது குண்டுகளையும் கருவிகளையும் ஏற்றி, மேகமும் மழையும் கவிந்த வானில், மரங்களின் உச்சியை உரசும் உயரத்தில் பறக்கச் சொன்னது. 1966 இல் ஸ்டைன்ஹோஃப் என்ற தளபதி தலைமைப் பொறுப்புக்கு வந்து பயிற்சியையும் பராமரிப்பையும் திருத்திய பின்னரே விபத்துகளின் வீதம் குறைந்தது. அவர் 1945 ஏப்ரலில் ஜெட் விமானம் ஒன்று ஓடுபாதையில் தீப்பற்றியதில் முகம் கருகிப் பிழைத்தவர். எரியும் விமானத்துக்குள் இருப்பது யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது சான்று வியட்நாம். அமெரிக்கக் கடற்படையின் ஃபாண்டம் விமானங்கள் துப்பாக்கி பொருத்தப்படாமலே வடிவமைக்கப்பட்டவை. இனி எல்லாம் ஏவுகணைதான் என்று நம்பிய காலம் அது. 1968 வரையான சண்டைகளில் அக்கடற்படை ஒரு விமானத்தை இழந்தால் எதிரியின் இரண்டு, இரண்டரை விமானங்களை வீழ்த்தியது. 1969 இல் மிராமாரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன்பின் 1972 இல் சண்டை மீண்டபோது அந்த விகிதம் சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று என்று உயர்ந்தது. ஃபாண்டம் மாறிவிட்டதா? கடற்படையின் ஃபாண்டம்களுக்குள் கடைசிவரை துப்பாக்கி பொருத்தப்படவேயில்லை. அதே ஃபாண்டத்தில் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்ட அமெரிக்க விமானப்படையின் விகிதத்தில் அத்தகைய பாய்ச்சல் நிகழவில்லை. மாறியது விமானியின் பயிற்சி.

இந்த வெளிச்சத்தில் மிக்-21 இன் வழக்கைத் திறந்து பார்ப்போம். ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற அடைமொழி அதற்கு நிரந்தரமாகிவிட்டது. 2012 இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் அளித்த எழுத்துபூர்வமான விடையின்படி, வாங்கப்பட்ட 872 மிக் வகை விமானங்களில் 482 விபத்துக்குள்ளாகியிருந்தன. 171 விமானிகளும் 39 பொதுமக்களும் இறந்திருந்தனர். இந்த எண்களை எடுத்துக்காட்டி மிக் ஒரு மோசமான விமானம், அதன் இடத்தில் இன்னது இருந்திருந்தால் இவர்கள் இறந்திருக்கமாட்டார்கள் என்று ஒப்பீட்டாளர்கள் எளிதாக முடித்துவிடுகிறார்கள்.

முடித்துவிட முடியாது. மிக்-21 ஓடுபாதையைத் தொடும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டியது. பயிற்சிக் கூடத்திலிருந்து வெளிவந்த இளம் விமானி, ஒலியின் வேகத்தினும் மிகக் குறைவாகப் பறக்கும் சாதுவான பயிற்சி விமானத்திலிருந்து இறங்கி இதில் ஏறவேண்டியிருந்தது. இடையில் ஒரு படி இல்லை. அந்தப் படியாக உயர்நிலைப் பயிற்சி ஜெட் ஒன்று உடனே தேவை என்று விமானப்படையின் லா ஃபோன்டேன் குழு பரிந்துரைத்தது 1982 இல். அதற்கான ஹாக் விமான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 இல். பீதரில் அது படையில் சேர்ந்தது 2008 இல். இருபத்தாறு ஆண்டுகள். பரிந்துரை எழுதப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, விமானியாகி, அந்த இல்லாத படியில் தடுக்கி விழுவதற்குப் போதுமான காலம். அத்தனை ஆண்டுகளும் கோப்புகள் எந்தெந்த மேசைகளில் இருந்தன, எந்தெந்த அரசுகள் அவற்றை ஒத்திவைத்தன என்பதல்லவா ஒப்பிடப்பட வேண்டிய பட்டியல்? 1982 இல் தொடங்கி எத்தனை பாதுகாப்பு அமைச்சர்கள், எத்தனை நிதியமைச்சர்கள்! ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற சொல் அவர்கள் அனைவரையும் ஒரே வீச்சில் விடுதலை செய்துவிடுகிறது. பழி, பேச முடியாத அலுமினியத்தின் மீது விழுகிறது.

விபத்துகள் அனைத்துக்கும் பயிற்சியின்மையே காரணம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பறவை மோதுதல், உதிரிப்பாகங்களின் தரம், எஞ்சின் கோளாறு, மூப்பு ஆகியவையும் உண்டு. ஆனால் மூப்பும் கூட ஒரு முடிவின் விளைவுதான். மாற்று விமானத்துக்கான தேஜஸ் திட்டம் ஏற்கப்பட்டது 1983 இல். முதல் விமானம் பறந்தது 2001 ஜனவரி 4 இல். முதல் படைப்பிரிவு அமைந்தது 2016 ஜூலையில். அந்தப் படைப்பிரிவு 2018 இல் நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூருக்கு வந்தது. இந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெற்றிருக்கவேண்டிய மிக்-21கள் மீண்டும் மீண்டும் சீர்செய்யப்பட்டுப் பறந்துகொண்டிருந்தன. ஆகவே மிக்-21ஐயும் தேஜஸையும் இருவேறு போட்டியாளர்களாக நிறுத்தி எது சிறந்தது என்று கேட்பதன் அபத்தம் இங்கே வெளிப்படுகிறது. அவை போட்டியாளர்கள் அல்ல. ஒன்றின் தாமதம்தான் மற்றொன்றின் முதுமை.

*

அப்படியானால் வெவ்வேறு காலத்து விமானங்களை ஒப்பிடவே கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். பொறியாளர்கள் ஒப்பிடுவதில்லையா? ஒப்பிடுகிறார்கள், ஒப்பிடத்தான் வேண்டும். எதை ஒப்பிடுவது என்பதில்தான் எங்கள் விலகல்.

இந்தியாவின் முதல் சொந்த ஜெட் போர்விமானமான மாருத் 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் பறந்தது. அதை வடிவமைத்தவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். உலகப்போரில் ஃபோக்க-வுல்ஃப் 190ஐ உருவாக்கியவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் பணியாற்றிவிட்டு 1956 இல் இந்தியாவுக்கு வந்தவர். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்காக வரையப்பட்ட உடல் அது. ஆனால் அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. பிரிட்டன் உருவாக்கத் தொடங்கியிருந்த வலுவான எஞ்சினை மேற்கொண்டு வளர்க்கத் தேவையான பணத்தை இந்தியா தர முன்வரவில்லை. நாட்டுக்காகக் கையில் இருந்த சிறிய ஆர்ஃபியஸ் எஞ்சின்களையே இரண்டாகப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத்தாக்குதலில் உழைத்த அந்த விமானம் 147 எண்ணிக்கையோடு நின்றுபோனது. தேஜஸின் கதையிலும் அதே இடத்தில்தான் முள் தைக்கிறது. அதற்கென 1989 இல் தொடங்கப்பட்ட காவேரி எஞ்சின் திட்டம் 2008 இல் தேஜஸிலிருந்து விலக்கப்பட்டது. விமானம் அமெரிக்க எஞ்சினோடு பறக்கிறது. 2021 பிப்ரவரியில் மேம்பட்ட வகைக்குக் கையெழுத்தான 83 விமான ஒப்பந்தம் தாமதமானதற்கு, அந்த எஞ்சின்கள் குறித்த காலத்தில் வந்து சேராததும் ஒரு காரணம்.

மாருத்தா தேஜஸா என்று வேகத்தை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்; அந்த விடையால் யாருக்கும் பயனில்லை. மாருத்தின் எஞ்சின் பஞ்சத்தையும் தேஜஸின் எஞ்சின் பஞ்சத்தையும் ஒப்பிட்டால், உடலை வரையக் கற்ற ஒரு நாடு இதயத்தைச் செய்யக் கற்க ஏன் இரண்டு தலைமுறைகளாகத் தவறிவருகிறது என்ற கேள்வி எழும். அதிக வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகள், சோதனைக் கூடங்கள், தோல்வியைப் பொறுத்து நிதியைத் தொடர்ந்து தரும் அரசியல் திடம் ஆகியவற்றை நோக்கி அந்தக் கேள்வி நம்மை இட்டுச்செல்லும். காலங்களைக் கடந்து ஒப்பிடத்தக்கவை முடிவுகளும் தாமதங்களும்தாம். இறக்கையின் நீளம் அல்ல.

தேசப்பெருமிதத்துக்காக ஒப்பிடுபவர்களுக்கும் ஒரு சொல். கொரிய வானில் அமெரிக்க சேபரும் சோவியத் மிக்-15உம் மோதியதை இரு நாகரிகங்களின் மோதலாகச் சித்தரிப்பது வழக்கம். இரண்டின் பின்சாய்ந்த இறக்கைகளும் ஜெர்மானிய ஆய்வுக்குக் கடன்பட்டவை. மிக்-15 இன் எஞ்சினோ பிரிட்டனே சோவியத்துக்கு விற்ற ரோல்ஸ்-ராய்ஸ் நீனின் பிரதி. போர் முடிந்தபோது அமெரிக்கா உரிமை கொண்டாடிய பத்துக்கு ஒன்று என்ற வெற்றி விகிதம் பிற்கால ஆய்வுகளில் வெகுவாகக் குறைந்துபோனது. எந்தக் கொடியைத் தூக்கிப் பிடிப்பது?

*

இறுதியாக, கட்டத்துக்குக் கீழே இருப்பவர்கள்.

உலகின் முதல் ஜெட் போர்விமானமாகக் களம் கண்ட மெஸ்ஸர்ஷ்மிட் 262ஐ ஆர்வலர்கள் வியந்து எழுதுகிறார்கள். ‘இன்னும் ஓராண்டு முன்னதாக வந்திருந்தால்’ என்று பெருமூச்சு விடுபவர்களும் உண்டு. நிக்கலும் குரோமியமும் கிடைக்காத ஜெர்மனியில் செய்யப்பட்ட அதன் எஞ்சின் இருபத்தைந்து மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. வானில் அதைப் பிடிக்க முடியாத மஸ்டாங் விமானிகள் அது தரையிறங்கும் வேளைக்காகக் காத்திருந்து அடித்தார்கள். இவையெல்லாம் கட்டுரைகளில் இடம்பெறும். ஆனால் ஆஸ்திரியாவின் குசன் வதைமுகாமுக்கு அருகே, மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலையில் அதன் உடலைக் கட்டியவர்கள் வதைமுகாம் கைதிகள் என்பதும், அந்தச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள் என்பதும் ‘உற்பத்தி எண்ணிக்கை’ என்ற ஒற்றை எண்ணுக்குள் புதைந்துவிடுகின்றன.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு பெயரும் தெரியும். கிபிர். ஆர்வலர்களின் அட்டவணையில் அது ஃபிரெஞ்சு மிராஜின் உடலில் அமெரிக்க எஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் செய்த சாமர்த்தியமான விமானம். அந்த எஞ்சின், ஸ்டார்ஃபைட்டருக்கும் ஃபாண்டத்துக்கும் உயிர் தந்த அதே ஜே79. 1990களின் நடுவில் இலங்கை விமானப்படை அதை வாங்கியது. வன்னியில் அது ஒரு விமானத்தின் பெயராக இருக்கவில்லை. சத்தத்தின் பெயராக, பங்கருக்குள் ஓடவேண்டிய கணத்தின் பெயராக இருந்தது. 2006 ஆகஸ்ட் 14 அன்று செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளில் பள்ளி வயதுப் பெண்கள் பலர் கொல்லப்பட்டனர். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகளும் எஞ்சின் ஒலியைக் கேட்டு விமானத்தின் வகையைச் சொன்ன நாட்கள் அவை. விமானங்களை வேறுபடுத்தி அறிவதில் அவர்களைவிடத் தேர்ந்த ‘ஆர்வலர்கள்’ யாரும் இல்லை. கிபிரின் ‘குண்டு சுமக்கும் திறன்’ என்ற கட்டத்தில் எண்ணை நிரப்பும்போது அந்த எண்ணின் மறுமுனை எங்கே போய் முடிந்தது என்பதை மறக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

விமானத்தைக் காதலிப்பது குற்றமல்ல. செந்த் எக்சுபெரி காதலித்தார். உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி, உலகை அறிவதற்கான கருவியாகவே விமானத்தைக் கண்டவர் அவர். 1944 ஜூலை 31 அன்று ஆயுதமற்ற வேவு விமானம் ஒன்றில் கோர்சிகாவிலிருந்து புறப்பட்டவர் திரும்பவில்லை. அவரது விமானத்தின் உச்ச வேகம் என்னவென்று நமக்குத் தெரியும்; ஆனால் அவர் எழுத்தை வாசிப்பவர் யாரும் அந்த எண்ணுக்காக வாசிப்பதில்லை. கருவிக்குள் மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதற்காக வாசிக்கிறோம். அந்தக் காதலுக்கும் அட்டவணைக் காதலுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் சுட்டுகிறோம்.

ஆகவே ஒப்பிட விரும்புபவர்கள் ஒப்பிடட்டும். வேகம், உயரம், உந்துவிசை என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் சிலவற்றையும் வரையட்டும். இது எந்தக் கேள்விக்கு விடையாகச் செய்யப்பட்டது? இதை ஓட்டியவனுக்கு எத்தனை மாதப் பயிற்சி தரப்பட்டது, தரப்படவில்லை என்றால் அதைத் தள்ளிப்போட்டவர் யார்? இதைக் கட்டியவர்கள் யார்? இது யார் கூரைமேல் பறந்தது? இக்கட்டங்களை நிரப்பத் தொடங்கியதும் முதல் மூன்று கட்டங்களைச் சுற்றி எழுப்பப்பட்ட ஆரவாரம் தானாகவே அடங்கிவிடும். அதன் பிறகும் ‘எது சிறந்த விமானம்’ என்று கேட்கத் தோன்றினால், 171 விமானிகளின் வீடுகளில் ஏதேனும் ஒன்றின் கதவைத் தட்டி அங்கே கேட்கட்டும்.